தேவகிக்கு நான் சொன்னது

நீ போய்ச் சேர்ந்து, பெட்டியைத் திறந்து, குளிருக்குப் போடுகிற உடுப்பை வெளியில் எடுத்து வைத்த பிறகு இதை ஆறுதலாக வாசி, மகன். உன்னை விமான நிலையத்துக்கு வான் வண்டியில் ஏற்றிவிட்டு உள்ளே வந்து, நீ புட்டுச் சாப்பிட்ட கோப்பையைக் குசினியில் கழுவிக்கொண்டு நின்றபோது, இப்போது அழுகை வரும் என்று பார்த்தேன். பக்கத்து வீட்டு அன்ரியும் அதைத்தான் எதிர்பார்த்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றா. வந்தது கோபம். பெரிய படிப்புக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு, அவன் சாப்பிட்ட கோப்பையைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிற தாய் இந்தக் கிளிநொச்சியில் வேறு ஒருத்தி இருப்பாளோ தெரியாது.

போன கிழமை சாப்பாட்டு மேசையில் நீ சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். உன்னைப் படிப்புக்கு எடுத்த பேராசிரியர் நேர்காணலின் கடைசியில் என்னைப் பற்றிக் கேட்டார் என்றாய். "உங்கட அம்மாவை எனக்கு நல்லாத் தெரியும், இரக்கமான மனுசி, ஆனா ஒரு விஞ்ஞானிக்கு வேண்டிய நிதானம் அவாவிட்ட இருக்கேல்ல எண்டு சொன்னவர் அம்மா" என்று சொல்லி, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு சிரித்தாய். "அதுக்கு நீ என்ன சொன்னனீ?" என்று கேட்டேன். "நான் என்னத்தைச் சொல்லுறது? சிரிச்சனான்." நான் எழும்பிப் போய்க் குழம்புச் சட்டியை எடுத்து வந்தேன். உனக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். நீ கவனிக்கவில்லை.

உன்னை மட்டும் குறை சொல்லவும் முடியாது. நடந்தது என்னவென்று உனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அப்பா இருக்கும்வரை இந்தக் கதை எங்கள் வீட்டில் எடுக்கப்படவில்லை. அவர் கண்ணை மூடிய பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் நீ அதே பேராசிரியரின் ஆய்வுகூடத்துக்கு விண்ணப்பித்து, இடமும் கிடைத்து, விசாவும் வந்துவிட்டது. தனியாக எழுதினால் ஒருமுறை வாசித்து மூடிவிடுவாய். நீ அப்படிப்பட்டவன். அதனால்தான் நாலு பேர் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உன் பெயரும் என் பெயரும் இதில் இல்லை. தேவகி என்று நான் சொல்லப்போகிறவளின் பெயரும் தேவகி இல்லை. அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கோ டொக்டர், பேரை மட்டும் மாத்திப்போடுங்கோ" என்றாள். எத்தனையோ பேரிடம் இரத்தம் எடுக்கச் சம்மதம் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் தந்ததில்லை.

போர் முடிந்து, முகாம்கள் மூடி, சனம் காணிகளுக்குத் திரும்பி, முதல் முறையாக ஒழுங்காக வயல் விதைத்த காலத்தில்தான் செட்டிகுளம் பக்கத்து மருத்துவமனைகளுக்குச் சிறுநீரக வருத்தக்காரர் வரத் தொடங்கினார்கள். வயல் செய்கிறவர்கள், நாற்பது வயதுகூட ஆகாதவர்கள். சீனி வருத்தம் இல்லை, பிரசர் இல்லை, ஆனால் சிறுநீரகம் பழுது. எல்லோரும் தண்ணீரைச் சொன்னார்கள், வயலுக்கு அடிக்கிற மருந்தைச் சொன்னார்கள். அங்கே மருத்துவராக இருந்த நானும் அதைத்தான் முதலில் பார்த்தேன். அநேகமான ஆட்களுக்கு அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு குடியேற்றத் திட்டத்தில் ஒரே கிணற்றில் அள்ளுகிற நாலு வீட்டில், ஒரு வீட்டில் மட்டும் தகப்பன், சித்தப்பன், மூத்த மகன் என்று மூன்று பேர். மற்ற மூன்று வீட்டில் ஒருவரும் இல்லை. தண்ணீர் ஆள் பார்த்து வேலை செய்யாது. அந்த ஒரு வீட்டுக்காகத்தான், உன்னையும் அப்பாவையும் விட்டுவிட்டு நான் இங்கிலாந்துக்குப் போய், ஒரு வருத்தம் குடும்பத்துக்குள் எப்படி இறங்கி வருகிறது என்பதைக் கணக்கிடுகிற படிப்பைப் படித்தேன். உன்னை எடுத்திருக்கிற பேராசிரியர்தான் எனக்கும் படிப்பித்தவர். நல்லாகப் படிப்பித்தார். அதை இல்லையென்று சொல்லமாட்டேன்.

திரும்பி வந்து பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அவரோடு கூட்டாக அந்த ஆய்வைத் தொடங்கினேன். இரத்தம் இங்கே எடுப்பது, அங்கே அனுப்பிப் பரிசோதிப்பது. இரத்தம் எடுப்பது லேசாக இருக்கவில்லை. எத்தனை பேர் வந்து பதிந்து, எண்ணி, படம் பிடித்துக்கொண்டு போன சனம் அது. நான் சொன்ன அந்த வீட்டின் மூத்த மகன் யோகன், வயல் வரம்பில் நின்று மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைக் கேட்டான்: "எங்களை எண்ணாத ஆக்கள் ஆர் டொக்டர் மிச்சம்? நீங்கள் எண்ணி என்ன செய்யப் போறியள்?" "எண்ண வரேல்ல யோகன். உங்கட அப்பாவுக்கு வந்தது உங்களுக்கும் ஏன் வந்தது எண்டு பாக்க வந்தனான்" என்றேன். "பாத்துச் சொல்லுவியளோ?" "சொல்லுவன்." அந்த ஒரு சொல்லுக்காக அவன் தன் வீட்டில் எல்லோரையும் வரிசையில் இருத்தினான். தாய், தங்கை தேவகி, கடைசித் தங்கை, தேவகியின் சின்னப்பெண் அபி. முதலாம் வகுப்புப் படித்த அபி ஊசியைக் கண்டு கத்தின கத்தில் மாமரத்தில் இருந்த காகம் எல்லாம் பறந்தது.

"சொல்லுவன்" என்று நான் வாயால் சொன்னேன். சம்மதப் பத்திரத்திலோ தனிப்பட்ட முடிவுகள் வழங்கப்படமாட்டா என்று அச்சடித்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன். பொதுவான முடிவைச் சொல்வேன், இந்த ஊரில் இது ஏன் வருகிறது என்று எல்லோரையும் கூட்டிச் சொல்வேன் என்றுதான் அப்போது என் மனதில் இருந்தது. யோகனின் மனதில் என்ன இருந்தது என்று அவனிடம் நான் கேட்கவில்லை.

அடுத்த வருடம் யோகனின் சிறுநீரகம் முழுதாக விட்டுவிட்டது. கிழமையில் இரண்டு தரம் வவுனியாவுக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்தான். தேவகி தன் சிறுநீரகம் ஒன்றைத் தருவதாகச் சொன்னாள். அவளுக்குச் செய்த பரிசோதனை எல்லாம் சரி, நாளும் குறித்தாயிற்று. அந்த நேரத்தில்தான் கூட்டு ஆய்வுக் கூட்டத்துக்காக நான் கொழும்புக்குப் போனேன். பேராசிரியர் திரையில் ஒரு குடும்ப வரைபடத்தைப் போட்டார். உனக்குத் தெரியும், ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம், வருத்தம் உள்ளவர்களுக்குக் கறுப்பு. பெயர் இல்லை, இலக்கம் மட்டும். சிறுநீரகத்தில் ஒரு புரதம் பிழையாக மடிந்து தேங்குகிற வருத்தம், தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு, நடுவயது வரைக்கும் ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது என்று விளக்கினார். எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். தண்ணீரால் வருவது என்று நினைத்த ஒரு வருத்தத்துக்குள் பரம்பரை வருத்தம் ஒன்று ஒளிந்திருந்தது பெரிய கண்டுபிடிப்பு. அந்தப் படத்தை யோகனின் முற்றத்தில், யோகனின் தாயிடம் கேட்டுக் கேட்டு, கீறியவள் நான். நடுப்பிள்ளையின் வட்டத்தில் ஒரு புள்ளி போட்டிருந்தது. மாற்றம் உண்டு, வருத்தம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். அது தேவகி. கடைசித் தங்கையின் வட்டத்தில் புள்ளி இல்லை. அபியின் இரத்த மாதிரியை அப்போது பார்த்திருக்கவில்லை.

தேநீர் இடைவேளையில் அவரைத் தனியே பிடித்தேன். அந்தப் புள்ளி போட்ட பெண் தன் சிறுநீரகத்தைக் கொடுக்கப் போகிறாள் என்று சொன்னேன். கொடுத்தால் அவளுக்கு மிஞ்சுகிற ஒன்றும் கெதியில், வயது போக முன்னமே, பழுதாகும், தமையனுக்கு வைக்கிறதும் நெடுநாள் நிற்காது, இரண்டு பேரும் போவார்கள் என்றேன். அவர் நிதானமாகக் கேட்டார். அவரிடம் எப்போதும் நிதானம் இருந்தது. இது ஆராய்ச்சிக் கூடத்துப் பரிசோதனை, நோயாளிக்குச் சொல்கிற தரத்தில் உறுதிசெய்தது இல்லை, பிழையாக இருந்தால் ஒரு உயிரை வீணாக்கிவிடுவோம் என்றார். முடிவு சொல்வதில்லை என்று கையெழுத்து வாங்கியிருக்கிறோம் என்றார். நன்னெறிக் குழுவுக்கு எழுதுவோம், அவர்கள் கூடி முடிவெடுக்கட்டும் என்றார். குழு கூடுவதற்குள் அறுவைச் சிகிச்சை முடிந்துவிடும் என்றேன். "அது எங்கள் கையில் இல்லை" என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி, மகன். இன்றைக்கும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன், ஒன்றிலும் பிழை பிடிக்க முடியவில்லை. அதனால்தான் அந்த ஆளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அறுவைச் சிகிச்சை செய்யவிருந்த மருத்துவரிடமும் பெயர் சொல்லாமல், இப்படி ஒருவரின் சிகிச்சையை நிறுத்தலாமா என்று கேட்டுப் பார்த்தேன். "எழுத்தில தாங்கோ, நிப்பாட்டுறன்" என்றார். எழுத்தில் தர என்னிடம் என்ன இருந்தது? திரையில் பார்த்த ஒரு புள்ளி. நன்னெறிக் குழுவுக்கு எழுதினேன். கிடைத்தது என்று மட்டும் பதில் வந்தது. பிறகு ஒரு காலையில், வகுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, செட்டிகுளம் பஸ்சில் ஏறினேன்.

தேவகி தார் ரோட்டின் ஒரு பக்கத்தில் படங்கு விரித்து நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். "டொக்டர், வாங்கோ, வெயிலுக்க நிக்காதையுங்கோ. அண்ணாவுக்கு நாள் குறிச்சாச்சு, தெரியுமோ?"

"தெரியும் தேவகி. அதுக்குத்தான் வந்தனான்."

நின்ற இடத்திலேயே சொன்னேன். உள்ளே போய் இருந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுச் சொல்லத் துணிவு இருக்கவில்லை. அவள் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே கேட்டாள். சொல்லி முடிந்த பிறகும் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப அண்ணாவுக்கு வந்தது எனக்கும் வருமோ?"

"வரும் எண்டுதான் நினைக்கிறன். எப்ப எண்டு சொல்ல ஏலாது. பரிசோதனை பிழைக்கவும் ஒரு சின்ன இடம் இருக்கு."

"குடுத்தா?"

"குடுத்தா உமக்குக் கெதியா வரும். அண்ணாவுக்கும் அது கனகாலம் நிக்காது."

ஒரு மோட்டார்சைக்கிள் நெல்லில் ஏறிவிடாமல் விலத்திப் போனது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏன் டொக்டர் வந்து சொன்னனீங்கள்? நான் சந்தோசமாக் குடுக்க இருந்தனான். இனிக் குடுத்தா என்ர பிள்ளைக்குத் துரோகம். குடுக்காட்டி அண்ணாவுக்குத் துரோகம். உங்களுக்கு உங்கட பாரம் இறங்கீட்டுது, என்ன?"

அவள் கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே என் பாரம் இறங்கிவிட்டதா என்று அறிய விரும்பிக் கேட்டாள் என்றுதான் எனக்குப் பட்டது. நான் பஸ்சுக்கு நடந்தேன்.

அவள் புருசனிடம் சொன்னாள். அவன், கொடுக்கக்கூடாது என்று நின்றான். அவன் தன் தாய்க்குச் சொன்னான், தாய் ஊருக்குச் சொன்னாள். அந்த வீட்டுச் சனத்துக்கு இரத்தத்தில் வருத்தம் என்று கதை போனது. கடைசித் தங்கைக்கு வவுனியாவில் பேசி முடித்திருந்த சம்பந்தம் முறிந்தது. அவளுக்கு அந்த மாற்றம் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த நல்ல செய்தியையாவது சொல்வோம் என்று திரும்பவும் போனேன். இதற்கு முன்னால் என்னை நடுவிறாந்தையில் கதிரை போட்டு இருத்தின தாய், படலைக்கு வெளியே நிறுத்திவைத்துக் கேட்டா: "இன்னும் என்ன சொல்ல வந்தனீங்கள்?" சொன்னேன். "அதையும் நாங்கள் நம்போணுமோ?" என்றா. மாப்பிள்ளை வீட்டாரிடமும் போய்க் கதைத்தேன். மரியாதையாகத் தேநீர் தந்து அனுப்பினார்கள். அந்தப் பெண் இன்றுவரை கலியாணம் கட்டவில்லை.

யோகனை மருத்துவமனையில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். முகம் ஊதி, உதடு வெடித்திருந்தது. என்னைக் கண்டதும் எழும்பி இருக்கப் பார்த்தான். "தங்கச்சி தப்பினது நல்லது டொக்டர்" என்றான். பிறகு குழாயில் ஓடுகிற தன் இரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்கள் என்னட்டயெல்லோ வந்திருக்கோணும். எனக்குத் தெரிஞ்சிருந்தா நானே வேண்டாம் எண்டிருப்பன். இப்ப அவள்தான் மறுத்தவள் எண்டு சனம் கதைக்குது. அவள் என்னைப் பாக்க வாறேல்ல." வேறு ஆளிடமிருந்து சிறுநீரகம் கிடைக்குமென்று காத்திருந்தான். அடுத்த போகம் அறுவடைக்கு முன்னம் செத்துப்போனான். செத்த வீட்டில் தாய் என்னைக் கண்டதும் மார்பில் அடித்து, "இரத்தம் எடுக்க வந்ததும் இவா, குடுக்காதை எண்டு வந்ததும் இவா" என்று சொல்லி அழுதா. சனம் எனக்கு வழி விட்டது. நான் உள்ளே போகாமல் திரும்பினேன். உன் அப்பா ரோட்டில் மோட்டார்சைக்கிளோடு நின்றார்.

அதற்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் விசாரணையும் வந்தது. ஆய்வில் பங்குபற்றியவரின் இரகசியத்தை வெளியிட்டேன், உறுதிசெய்யாத முடிவைச் சொன்னேன், ஒரு நோயாளியின் சிகிச்சையைக் குழப்பினேன். மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். "நீங்கள் செய்தது பிழை எண்டு ஒத்துக்கொள்ளுறியளோ?" "ஒழுங்குப்படி பிழை." "அதுக்காக வருந்துறியளோ?" "யோகன் செத்ததுக்கு வருந்துறன்." அது மன்னிப்பு இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். ஆய்விலிருந்து நீக்கினார்கள். கட்டுரை வந்தபோது அதில் என் பெயர் இல்லை. இலங்கையின் வடக்கில் உள்ள ஒரு குடும்பம் என்று மட்டும் இருந்தது. நான் கீறிய சதுரமும் வட்டமும் அழகாக அச்சாகியிருந்தன. அந்த முடிவைத் திரும்பவும் சரிபார்த்து உறுதிசெய்ததாகவும் எழுதியிருந்தார்கள். தேவகியின் புள்ளி சரிதான். அதைச் சொல்லி எனக்கு ஒருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை, தேவகிக்கும் எழுதவில்லை. அந்தக் கட்டுரையோடு பேராசிரியர் இன்னும் மேலே உயர்ந்தார். நான் முதுநிலை விரிவுரையாளராகவே இருந்து, எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் பேராசிரியராகி என் விடுமுறைக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிற காலம் வரைக்கும் இருந்து, ஓய்வெடுத்தேன்.

நீ அப்போது எட்டாம் வகுப்பு. "அம்மா, ஏன் இப்ப கள வேலைக்குப் போறேல்ல?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்கு முன்னமே அப்பா, "அம்மாவுக்கு இனி இஞ்சதான் வேலை" என்றார். நீ படுக்கப் போன பிறகு எனக்குச் சொன்னார்: "நீ செய்ததைப் பிழை எண்டு நான் சொல்லேல்ல. ஆனா இந்தக் கதை இனி இந்த வீட்டுக்க வேண்டாம். பொடியன் உன்னைத் தோத்த ஆளாப் பாத்து வளரக்கூடாது." நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்த மனிதர். குளத்து வான்கதவைத் திறப்பதும் பூட்டுவதும் போல இதையும் பூட்டலாம் என்று நினைத்தார். உன்னில் இருந்த அன்பினால்தான் செய்தார். ஆனால் அதனால் நீ என்ன கற்றாய்? அம்மா ஏதோ பிழை செய்து கள வேலையை விட்டுவிட்டா என்று கற்றாய். அந்த ஆள் நிதானம் இல்லை என்று சொன்னவுடன், ஓ, அதுதானா விசயம் என்று உனக்கு விளங்கிவிட்டது.

நீ இந்தத் துறையை எடுத்தபோது நான் தடுக்கவில்லை. உள்ளுக்குள் சந்தோசமாகக்கூட இருந்தது. உன் பல்கலைக்கழக ஒப்படைகளைத் திருத்தித் தந்தபோது, இவன் என்னைவிடக் கெட்டிக்காரன் என்று அப்பாவிடம் பெருமை பேசினேன். அந்த ஆய்வுகூடத்துக்கு விண்ணப்பித்ததை நீ எனக்குச் சொல்லவில்லை. இடம் கிடைத்த பிறகுதான் சொன்னாய். அம்மாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று வைத்திருந்தேன் என்றாய். அதை நான் நம்பினேன். நம்புகிறேன் என்றே வைத்துக்கொள்வோம்.

நீ போவதற்கு முதல் கிழமை தேவகி வந்தாள். யோகனின் செத்த வீட்டுக்குப் பிறகு அவள் எங்கள் வாசலை மிதித்ததில்லை. நீ அறைக்குள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாய். அபியும் கூட வந்திருந்தாள். பத்தொன்பது வயது, கம்பஸ் அனுமதி கிடைத்திருக்கிறது, தாயைவிட உயரம். தேவகி கதிரையில் இருந்து, வீங்கி, செருப்பு அழுத்திய தடம் விழுந்த காலை எனக்குக் காட்டினாள். "எனக்கும் தொடங்கீட்டுது டொக்டர். நீங்கள் சொன்ன மாதிரித்தான்." அதில் குற்றச்சாட்டு ஒன்றும் இருக்கவில்லை. பிறகு கேட்டாள்: "இவளின்ர இரத்தமும் அண்டைக்கு எடுத்தனீங்கள். அது அங்கதானே இருக்கும்? உங்கட மகன் அங்க போறாராம் எண்டு கேள்விப்பட்டனான். இவளுக்கு இருக்கோ இல்லையோ எண்டு பாத்துச் சொல்லச் சொல்லுவியளோ?"

நீ வந்து அறை வாசலில் நின்றாய். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னாய். "அக்கா, குறை நினைக்காதையுங்கோ. ஆராய்ச்சிக்கு எடுத்த இரத்தத்தில இருந்து தனிப்பட்ட ஆக்களுக்கு முடிவு சொல்லுறேல்ல. அதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. உங்கட டொக்டர் மூலமா எழுதிக் கேட்டா, அவையள் ஒரு குழுவில வைச்சு யோசிப்பினம்." குரல் உன்னுடையது. ஆனால் அந்த நிதானத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன், கொழும்பில், ஒரு தேநீர் இடைவேளையில். நீ அந்த ஆளிடம் படிக்கப் போகவே இல்லை இன்னும். அதற்குள் எங்கிருந்து அது உனக்கு வந்தது, மகன்?

தேவகி உன்னை நிமிர்ந்து பார்த்தாள். "தம்பி, நான் ஒழுங்கைக் கேக்கேல்ல. என்ர பிள்ளையின்ர இரத்தத்தைக் கேக்கிறன்" என்றாள். நீ சிரித்தாய். சங்கடத்தில் வந்த சிரிப்பு என்று எனக்குத் தெரியும். நான் உன்னைப் பெற்றவள். ஆனால் அவளுக்கு அது தெரியாது. தேத்தண்ணியை முழுதாகக் குடித்து, கோப்பையை மேசையில் மெதுவாக வைத்துவிட்டு, "நல்லாப் படிச்சிட்டு வாங்கோ" என்று உனக்குச் சொல்லிவிட்டு எழும்பினாள். நீ பெட்டி அடுக்கப் போனாய்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்குப் பெரிய தகுதி இல்லை. தன் வேலையையும் காப்பாற்றாமல், தான் காப்பாற்றப் போன வீட்டையும் காப்பாற்றாமல் விட்டவள் நான். ஒழுங்கை மீறு என்று உனக்குச் சொல்லமாட்டேன். அதற்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும், அந்த விலையை என் பிள்ளை கொடுப்பதை நான் விரும்பவில்லை. கொடுக்க உனக்குத் துணிவு இருக்கும் என்றும் நினைக்கவில்லை. ஆனால் ஒழுங்கைச் சொல்லும்போது, அது உன்னைக் காப்பாற்றுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு சொல். தேவகியைக் காப்பாற்றுகிறது என்று சொல்லாதே. யாரிடமாவது இரத்தம் எடுக்கப் போனால், "பாத்துச் சொல்லுவியளோ" என்று கேட்பார்கள். எல்லா ஊரிலும் அதைத்தான் கேட்பார்கள். என்ன சொல்லப்போகிறாய் என்பதை ஊசியை எடுப்பதற்கு முன்னம் யோசி. சொல்லமாட்டோம் என்றால் அதை அச்சில் விடாமல் வாயால், முகத்தைப் பார்த்துச் சொல். அப்போது எத்தனை பேர் கையை நீட்டுகிறார்கள் என்று பார். குறைந்துதான் போவார்கள். உன் கட்டுரை சிறுக்கும். சிறுக்கட்டும்.

அங்கே உனக்கு நல்லாகத்தான் இருக்கும். அவர் உன்னை நல்லாக வைத்திருப்பார், எனக்குச் செய்ததற்கு உன்னில் ஈடு செய்கிறேன் என்று நினைத்தாலும் நினைப்பார். இடம் கொடு. கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்றுக்கொள். நான் உன்னைத் திரும்பி வா என்று கூப்பிடவில்லை. ஒன்று மட்டும், அவர் இன்னொரு தரம் என் நிதானத்தைப் பற்றிக் கதைத்தால் சிரிக்காதே. மறுத்துப் பேசவும் வேண்டாம். சும்மா இரு. அது உனக்கு முடியும்.

அன்றைக்கு அவர்களை வழியனுப்பப் படலை வரைக்கும் போனேன். தாய் முன்னால் நடக்க, அபி எனக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள்: "அன்ரி, அம்மா கேக்கிறா, உங்கட மகன் ஏலாது எண்டுறார். எனக்கு அறிய விருப்பமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல." நான் திகைத்துப்போனேன். இத்தனை வருடம் படிப்பித்தவள் நான், எனக்கும் அது தோன்றவில்லை. "விருப்பமோ?" என்று கேட்டேன். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றாள். நேற்று அவளே போன் எடுத்தாள். "எனக்குத்தான் முதல்ல சொல்லோணும். அம்மாவுக்கு நான் சொல்லுவன், நீங்கள் சொல்லக்கூடாது. ஓமோ?" "ஓம்" என்றேன். கொழும்பில் இப்போது ஒரு இடத்தில் இரத்தம் எடுத்து, வெளிநாட்டுக்கு அனுப்பி, எழுத்தில் முடிவு எடுத்துத் தருகிறார்கள். முறையாக, மருத்துவரின் கையெழுத்தோடு. உங்கள் ஆய்வுகூடக் குளிர்ப்பெட்டியில் உறைந்து கிடக்கிற இரத்தத்தை இனி நாங்கள் கேட்க வேண்டியதில்லை.

நாளைக்குக் காலையில் வவுனியாவில் அவர்களோடு ரயில் ஏறுகிறேன். தாய்க்கு ஜன்னல் ஓரம் பிடித்துக் கொடுக்க வேண்டும், காலை நீட்டி இருக்கட்டும். நீ அந்த நேரத்தில் போன் எடுப்பாய் என்று தெரியும். நான் எடுக்கமாட்டேன். அபி பக்கத்தில் இருப்பாள், அவள் ஏதாவது கேட்கக்கூடும்.

அம்மா